பையன்களை நம்பியவர்: சங்கரதாஸ் சுவாமிகள்



போன செமஸ்டர் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன நாடகக் குழு ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தோம். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் போய், குடிப் பிரச்சினை, பள்ளியைப் பாதியில் விடும் பிள்ளைகள், இதையெல்லாம் கதையாக நடித்துக் காட்டலாம் என்பது திட்டம். வாட்சப் குழுவுக்குப் பெயர்கூட வைத்தாச்சு. மூன்றாவது ஒத்திகைக்கு வந்தது நாலு பேர். முக்கிய வேடத்தில் நடிக்க வேண்டிய நண்பர் ஒரு வரிகூட மனப்பாடம் செய்யவில்லை. மேடையில் ஏறினால் தானா வரும், பார்த்துக்கலாம் என்று சிரித்தார். எனக்குக் கோபம். அவரை எடுத்துவிடலாமா, இல்லை குழுவையே கலைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றித் தேடிப் படித்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது 2019-இல். தமிழ்நாட்டு நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணி தனக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. யாரோ பழைய சினிமாக்காரர் போல என்று நினைத்து விட்டுவிட்டேன். அவர் சினிமாவே பேசாத காலத்தில் இறந்து போனவர். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த வள்ளி திருமணம், பவளக்கொடி நாடகங்களை எழுதிய கை அவருடையது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

1867 செப்டம்பர் 7-ஆம் தேதி தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். அப்பா தாமோதரம் பிள்ளை நல்ல தமிழ் அறிந்தவர். இராமாயணத்தில் அவருக்கு இருந்த புலமையை ஊரே மதித்தது. மகனுக்கு முதல் வாத்தியார் அவர்தான். அதற்குப் பிறகு முருகன் மேல் பாடிப் பாடியே வாழ்ந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் போய்ப் பாடம் கேட்டார். பதினாறு வயதிலேயே வெண்பா, கலித்துறை எல்லாம் எழுதத் தொடங்கிவிட்டார். ஆனால் வெண்பா சோறு போடாது. கொஞ்ச காலம் உப்பளத்தில் கணக்கு எழுதினார்.

24-ஆவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்தில் சேர்ந்தார். இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைக்கு நாடகம் என்றால் கூத்தாடி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நடிகனுக்கு வீடு வாடகைக்குத் தர யோசிப்பார்கள், பெண் தர மாட்டார்கள். தமிழ்ப் புலவரின் மகன், தண்டபாணி சுவாமிகளின் மாணவர், அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார். அதே 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஆனால் அது படித்த பெரிய மனிதர்கள் ஆசைக்காக நடித்த சபை. சங்கரன் போய்ச் சேர்ந்தது டிக்கெட் விற்றால்தான் அடுத்த வேளைச் சாப்பாடு என்றிருந்த தொழில்முறைக் கம்பெனி.

ஆரம்பத்தில் அவர் நடிகர்தான். எமன், இராவணன், இரணியன், சனீஸ்வரன் என்று பயங்கர வேடங்கள். ஆள் கம்பீரம், குரலும் கம்பீரம். நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு ராத்திரி நளன் கதையில் சனீஸ்வரனாக நடித்து முடித்துவிட்டு, விடியற்காலையில் வேஷத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போயிருக்கிறார். உடம்பெல்லாம் கருப்புச் சாயம். அந்த இருட்டில் துணி துவைக்க வந்த ஒரு பெண் அவரைப் பார்த்ததும் அலறி விழுந்து, உயிரையே விட்டுவிட்டாள் என்கிறார்கள். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்தது என்றும் சொல்வார்கள். அதற்கப்புறம் அவர் அந்த மாதிரி வேடம் கட்டவே இல்லை. எழுதுவதும் கற்றுக் கொடுப்பதுமே வேலை என்று திரும்பிவிட்டார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் அவர் நடிப்புத் திறமைக்குச் சாட்சியாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நம்மில் யாராவது அந்த இடத்தில் இருந்தால் அதைப் பெருமையாகப் பேசித் திரிந்திருப்போம். அவர் விட்டுவிட்டார். மேடையில் செய்வது மேடையோடு முடிந்து போவதில்லை, பார்க்கிறவர் உடம்புக்குள்ளேயே போய் வேலை செய்கிறது என்று அவருக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு கட்டத்தில் நாடகத்தையே விட்டுவிட்டுத் துறவியைப் போலக் கோயில் கோயிலாக யாத்திரை கிளம்பினார். சங்கரன் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது இப்படித்தான். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சுற்றி முடித்துப் புதுக்கோட்டைக்கு வந்தபோது, கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய மான்பூண்டியா பிள்ளை அவரைச் சொந்த மகனாகவே ஏற்றுக்கொண்டார். தாளத்தின் நுணுக்கங்கள் அங்கே பழக்கம். சுவாமிகளின் பாட்டுகளைப் படித்தால் சொல் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று தாளம் தெரியாதவனுக்குக்கூடப் புலப்படும். காவடிச்சிந்து, தெம்மாங்கு, வடக்கிலிருந்து வந்த பார்சி நாடக மெட்டு, கர்நாடக ராகம், எதையும் அவர் ஒதுக்கவில்லை.

கோயில் வாசலோடு அவர் நின்றுவிடவில்லை. மறுபடியும் நாடகத்துக்கே வந்தார், சந்நியாசி கோலத்தோடேயே. பல கம்பெனிகளுக்கு ஆசிரியராக இருந்தார்.

அவர் வருவதற்கு முன் நாடகம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்த வேலை விளங்கும். முழுக்க முழுக்கப் பாட்டு. நடுவில் வருகிற வசனத்தை நடிகர்கள் அந்த நேரத்தில் வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்வார்கள். சுவாமிகள் உட்கார்ந்து பாட்டு, வசனம், யார் எப்போது வருவது என்று முழு நாடகத்தையும் எழுதிக் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், லவகுசா, சுலோசனா சதி என்று பட்டியல் நாற்பதைத் தாண்டும். ரோமியோ ஜூலியட்டையும் விடவில்லை. வடமொழி மிருச்சகடிகமும் தமிழுக்கு வந்தது.

நான் இயந்திரவியல் படிக்கிறவன். முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது: ஒரு தொழிற்சாலையில் செய்த போல்ட்டு இன்னொரு தொழிற்சாலையில் செய்த நட்டில் சரியாகப் பொருந்த வேண்டும். அதற்கு இரண்டு பேரும் ஒரே அளவை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். சுவாமிகளின் பிரதிகள் நாடக உலகத்துக்கு அந்த அளவாக இருந்தன. மதுரையிலிருந்து ஒரு ராஜபார்ட், காரைக்குடியிலிருந்து ஒரு ஸ்திரீபார்ட், வேறெங்கிருந்தோ ஒரு ஆர்மோனியக்காரர், மூன்று பேரும் முன்பின் பார்த்திராதவர்கள், சாயங்காலம் ஒரு ஊரில் வந்து இறங்கி ஒத்திகையே இல்லாமல் ராத்திரி வள்ளி திருமணம் போட முடியும். எல்லாருக்கும் மனப்பாடம் ஆனது ஒரே பிரதி. இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக்களில் நடக்கிறது.

ஆனால் அந்த வசதியே பிரச்சினையும் ஆனது. நடிகர்களுக்குக் கம்பெனி என்ற கட்டுப்பாடு இல்லை. பேர் வாங்கியவர்கள் நேரத்துக்கு வருவதில்லை. சிலர் குடித்துவிட்டு வந்தார்கள். மேடையில் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டப் போட்டி. கதையை மறந்து இரண்டு மணி நேரம் பாட்டுச் சண்டை. எழுதிக் கொடுத்த வசனம் கிடப்பில், தோன்றியதைப் பேசுவது. மேடையில் பார்த்துக்கலாம் என்ற எங்கள் நண்பர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வியாதி!

சுவாமிகள் அந்தப் பெரிய நடிகர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். அல்லது ஆள் மாற்றி ஆள் தேடியிருக்கலாம். அவர் பிடித்த வழி வேறு. சின்னப் பையன்களை எடுத்து, ஆரம்பத்திலிருந்தே பழக்கினால் நாடகம் திருந்தும் என்று முடிவு செய்தார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை என்ற பெயரில் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். பெயரைப் பாருங்கள். கூத்தாடிக் கூட்டம் என்று ஊர் சொல்லும் ஒன்றுக்கு, வள்ளலாரின் சங்கத்தை நினைவுபடுத்தும் பெயர். அங்கே அவரிடம் பழகியவர்களில் ஒருவர் எஸ். ஜி. கிட்டப்பா. பிறகு தென்னாட்டையே பாட்டால் கட்டிப்போட்டவர். ஔவையாராக நாம் பார்த்த கே. பி. சுந்தராம்பாளின் கணவர். வேறு பாலர் சபைகளுக்கும் சுவாமிகள் போய்ப் பாடம் நடத்தினார்.

1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. முதல் போட்டு நிர்வாகம் பார்த்தது சில நண்பர்கள். ஆசிரியர் சுவாமிகள். அந்த வருஷம் சேர்ந்த பையன்களில் மூன்று பேர் சகோதரர்கள்: சங்கரன், முத்துசாமி, சண்முகம். அப்பா பெண் வேடம் கட்டிய நடிகர். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. நம்ம ஊர் கணக்கில் பாலர் பள்ளி வயது! பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று பேர் வாங்கிய குழு இதுதான். சண்முகம் வளர்ந்து எனது நாடக வாழ்க்கை என்று ஒரு புத்தகம் எழுதினார். சுவாமிகளைப் பற்றி இன்று நாம் பேசும் பல விஷயங்கள், அந்த ஆறு வயதுப் பையன் கூட இருந்து பார்த்தவை.

கம்பெனி என்பது வீடு, பள்ளிக்கூடம், வேலை மூன்றும் சேர்ந்தது. பையன்கள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்குவார்கள். பாடம் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்ய வேண்டும். உச்சரிப்பில் சுவாமிகள் துளி விட்டுக்கொடுக்க மாட்டார். மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு லகரமும் ளகரமும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். எழுத்து வாசனை அதிகம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் நல்ல தமிழ் கற்றார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாலர் கம்பெனிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குச் சங்கடமாகவும் இருந்தது. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் அம்மாவை விட்டு ஊர் ஊராகப் போய், ராத்திரி முழுக்கக் கண் விழித்து நடிக்கிறார்கள். அடியும் உண்டு. வீட்டில் வறுமை, அதனால்தான் பலரை அனுப்பினார்கள். பெண் வேடத்துக்கும் பையன்கள்தான், அதனால் குரல் உடைகிற வயது வந்தால் பயம். மகரக்கட்டு என்று சொல்வார்கள். அது வந்ததும் நேற்று வரை கொண்டாடிய பையனை இன்று யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்றைய சட்டப்படி இப்படி ஒரு கம்பெனி நடத்தவே முடியாது, நடத்தவும் கூடாது. சுவாமிகள் மகான் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். அதே நேரம், பள்ளிக்கூட வாசலையே பார்க்க வழியில்லாத அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழையும் தொழிலையும் கொடுத்த வேறு இடம் அன்றைக்கு எத்தனை இருந்தது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கண்டிப்பானவர், கோபக்காரர், ஆனால் அந்தப் பிள்ளைகள் மேல் அவருக்கு இருந்த பிரியத்துக்கு ஒரு சம்பவம் போதும். சண்முகம் நன்றாக நடிக்கத் தொடங்கியதைச் சுவாமிகள் கவனித்தார். இந்தப் பையன் கதாநாயகனாக நடிக்க அவன் வயதுக்கு ஏற்ற நாடகம் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. ஒருநாள் ராத்திரி பையன்கள் எல்லாம் தூங்கப் போன பிறகு விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். விடியும்போது அபிமன்யு சுந்தரி முடிந்திருந்தது. நாலு மணி நேரம் நடிக்கக்கூடிய நாடகம், பாட்டு மட்டும் நூற்றுக்கு மேல், அடித்தல் திருத்தல் கிடையாது. நான் ஐந்து பக்க லேப் ரிப்போர்ட்டை நாலு நாளாக எழுதுகிறவன், எனக்கு இதை நம்பவே நேரம் பிடித்தது. பெரிய நடிகர்கள் கேட்டால் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய ஒன்றை, ஒரு சின்னப் பையனுக்காக ஒரே ராத்திரியில் எழுதினார்.

அவருடைய புத்திசாலித்தனத்துக்கு மதுரையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவலன் நாடகத்தில் கண்ணகி மதுரையைப் பழிக்கும் இடம் வரும். அந்த ஊரில் இருப்பவர்கள் எல்லாம் பெரும் பாவிகள் என்று பொருள் வரும்படி ஒரு பாட்டு. மதுரைக்காரர்கள் முன்னாலேயே மதுரையைத் திட்டினால் விடுவார்களா? எதிர்ப்புக் கிளம்பியது. சுவாமிகள் பதறவில்லை. அந்தச் சொல்லையே எழுத்து எழுத்தாகப் பிரித்து, திருமகள், கலைமகள், மலைமகள் மூவரும் வாழும் ஊர் என்றல்லவா எழுதியிருக்கிறேன் என்று பொருள் சொன்னாராம். சண்டைக்கு வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள் என்று கேள்வி. தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற இலக்கணம் அடி வாங்காமல் காப்பாற்றியது என்றும் சொல்லலாம்.

புராணக் கதையே எழுதினார், அதில் சமூக நோக்கம் எங்கே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். நல்லதங்காளை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய், அண்ணியால் விரட்டப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்து சாகிறவள். பஞ்சத்தை நேரில் பார்த்த ஜனங்கள் அந்தக் கதையைப் பார்க்கும்போது அது வெறும் கதையாகவா இருந்திருக்கும்? ஏட்டில் எழுத்து படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சாவித்திரியும் பிரகலாதனும் போய்ச் சேர்ந்தது இந்த மேடை வழியாகத்தான்.

1921-இல் சபை சென்னைக்குப் போனது. அந்த நாள்களில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியது, பேச்சும் போய்விட்டது. ஒற்றெழுத்து ஒன்று தவறினாலும் அதட்டித் திருத்திய வாயிலிருந்து அதற்குப் பிறகு சொல் வரவில்லை.

சபை நிற்கவில்லை. அவர் எழுதியது எல்லாம் பையன்களின் வாயில் இருந்தது. அவர் பேச முடியாமல் கிடந்த நாள்களிலும் ராத்திரி ஆனால் மேடையில் அவருடைய வசனம், அவர் பழக்கிய உச்சரிப்பிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. பெரிய நடிகர்களை மட்டும் நம்பியிருந்தால் அது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

சபை புதுச்சேரியில் இருந்தபோது, 1922 நவம்பர் 13-ஆம் தேதி ராத்திரி சுவாமிகள் காலமானார். வயது 55. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து, 1925-இல், அந்தச் சகோதரர்கள் ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்று சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். சண்முகத்துக்கு அப்போது வயது ஏறக்குறைய பதின்மூன்று. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறைக்கு இன்று சுவாமிகளின் பெயர். மதுரையில் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் வருஷா வருஷம் அவருக்குக் குருபூஜை நடத்துகிறார்கள்.

எங்கள் குழு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நண்பரை எடுக்கவில்லை. பிரதியை முழுசாக எழுதி, அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்தோம். போன மாதம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு ஒத்திகை ஆரம்பித்தோம். சனிக்கிழமை காலை மட்டும், மதியம் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். முதல் நாள் பாடத்தை இரண்டாம் வாரமே எட்டுப் பேர் ஒப்பித்துவிட்டார்கள். ஒன்பதாவது பையன் எங்கள் நண்பருக்கு வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.